ஒன்பதாம் பக்கம்

மங்காஃபிலிருந்து கிளம்பும் எங்கள் பள்ளி வேனில்
ஏழு பேர், பதினோரு நாவல்கள்.
லீவுக்கு ஊர் போனவர்கள்
முப்பது கிலோவுக்குள் அடங்கும்படி
மிளகாய்த்தூளுக்கும் உள்பாவாடைக்கும் நடுவே
செருகிக் கொண்டுவந்தவை.
அட்டையில் எப்போதும் ஒரு டார்ச் வெளிச்சம்,
பாதி திறந்த கதவு.
துப்பறிகிறவர்களுக்கு எங்கள் வயதுதான்.
ஆனால் அவர்களிடம் சைக்கிள் இருந்தது,
மழை இருந்தது,
இருட்டியபின் வெளியே போக வீட்டில் விட்டார்கள்.
எங்களுக்கு வேன்.

யாரோ ஒருத்தி
ஒவ்வொரு புத்தகத்திலும் ஒன்பதாம் பக்க ஓரத்தில்
பென்சிலால் எழுதிவைத்தாள்:
கொலைகாரன் டாக்டர்.
கொலைகாரன் மாடிவீட்டு மாமா.

முதல் தடவை அழுதேவிட்டேன்,
மிச்சம் எண்பத்தேழு பக்கமும் வீணாச்சே என்று.
ஆத்திரத்தில் கடைசிவரை படித்தால்
டாக்டர் பாவம், ஒன்றுமே செய்யவில்லை.
மாமாவும் அப்படியே.
பிறகு பிடிபட்டது:
அந்தப் பென்சில் பொய் மட்டுமே சொல்லும்.
அதற்கப்புறம் புத்தகம் கைக்கு வந்தால்
நேரே ஒன்பதைப் புரட்டி,
அங்கே இருக்கும் ஆளை விடுதலை செய்துவிட்டு
நிம்மதியாகத் தொடங்குவேன்.

யார் அந்தப் பென்சில்?
வேனில் அதுதான் பன்னிரண்டாவது நாவல்.
ஹஃப்ஸா என்மேல் சந்தேகப்பட்டாள்,
நான் பிரியதர்சினிமேல்.
துப்பு கொடுத்தது ஓர் எழுத்து.
கொலைகாரனின் 'லை'
பழைய காலத்து லை, தும்பிக்கை தூக்கிய லை.
இந்தக் காலத்தில் அதை யார் எழுதுகிறார்கள்?
தமிழ் வகுப்பில் ஜெனோவாவின் நோட்டு,
'தலைப்பு' என்ற சொல்லின் நடுவில்
அதே யானை.

கண்டுபிடித்ததைச் சொல்லவில்லை.
சொன்னால் நிறுத்திவிடுவாள்.

நல்ல கதையில் தடயமெல்லாம்
முன்னாலேயே கிடக்குமாம்.
கிடந்தது.
ஐந்து வாரமாக சர்வீஸிலிருந்து திரும்பாத அவர்கள் கார்.
எனக்குப் பசியில்லை என்று
என் சப்பாத்தியில் பாதியை அவள் தின்றது.
பெருவிரல் எட்டிப் பார்க்கும் ஷூ.
நானோ ஒரு லையைப் பிடித்த பெருமையில் இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை அவளே ஒரு நாவலை நீட்டினாள்.
ஒன்பதாம் பக்கத்தில் இந்த முறை இரண்டு வரி.
கொலைகாரன் தபால்காரர்.
வியாழன் ராத்திரி நாங்க கிளம்புறோம், யார்கிட்டயும் சொல்லாதே.

சிரித்தேன்.
தபால்காரரை விடுதலை செய்தேன்.
இரண்டாவது வரியையும் அதே கையோடு.

வியாழன்.
போர்வைக்குள் போன் வெளிச்சம்.
தொண்ணூற்றாறாம் பக்கத்தில்
காக்கிப் பையைக் கவிழ்க்கிறார்கள்,
செத்துப்போன பாட்டு வாத்தியாரின் மூக்குக்கண்ணாடி
தரையில் விழுகிறது.
தபால்காரர்தான்.

மணி பன்னிரண்டு நாற்பது.
புத்தகத்தை மூடி, நல்ல கதை என்று நினைத்து,
விளக்கணைத்துப் படுத்து,
அப்புறம்தான்
எழுந்து ஜன்னலுக்கு ஓடினேன்.

எதிர்க்கட்டடம், மூன்றாம் மாடி.
ஏப்ரலிலிருந்து ராப்பகலாய்
கீழே தகரத்தில் டொக் டொக்கென்று
சொட்டிக்கொண்டிருந்த அவர்கள் ஏசி
சொட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வேன் மூன்று நிமிஷம் நின்றது.
டிரைவர் இரண்டு ஹார்ன் அடித்தார்.
ஹாரிஸ் வெளியே வந்து
உள்ளங்கையை விமானமாக்கிச் சாய்த்துக் காட்டினான்.
உள்ளே எல்லோரும் ஒரே நேரத்தில்:
பாங்க் லோன், செக், சம்பளமே வரலையாம்,
என் அம்மாவுக்கு அப்பவே தெரியும்.
உனக்கு? என்றாள் ஹஃப்ஸா.
தெரியாதே என்றேன்.
முதல் பொய்,
கூர் சீவிய பென்சில்போல எவ்வளவு சுலபமாக ஓடியது.

பிரியதர்சினிக்குக் கொடுக்குமுன்
இரண்டாவது வரியை அழித்தேன்,
காகிதம் மெலிந்து
மறுபக்கத்து எழுத்து தெரியும்வரை.
முதல் வரியை விட்டுவைத்தேன்,
அதன் தும்பிக்கையோடு.
இருக்கட்டும்.
யாரும் நம்பப்போவதில்லை.