சாய்மானம்

முதல் வரைபடத்தில்
கூரை ஒரு கொக்கின் சிறகு மாதிரி இருந்தது.
எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று.
வனத்துறை அலுவலர் மட்டும்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கேட்டார்:
"மழை எந்தப் பக்கத்திலிருந்து வரும் மேடம்?"

இந்த மாவட்டத்துக்கு இரண்டு மழை.
இடவப்பாதியில் மேற்கிலிருந்து,
ஐப்பசியில் கிழக்கிலிருந்து.
சிறகுக்கு ஒரு மழைதான் தெரிந்திருந்தது.
அழித்தேன்.

பேச்சிப்பாறை தாண்டி
கோதையாறு ஏறும் சாலை.
மிதித்து வருகிறவர்கள் பத்து நிமிஷம் மூச்சு வாங்க
மரத்தால் ஒரு ஒதுங்கிடம்.
கான்கிரீட் கூடாது.
நிற்கிற மரத்தில் ஆணி கூடாது.
யானை முதுகு தேய்த்தால் சாயலாம்,
யானையின் மேல் சாயக் கூடாது.
கடைசி நிபந்தனை ஒப்பந்தத்தில் இல்லை.
குலசேகரத்தில் தடி மில் வைத்திருக்கும்
ததேயு சொன்னது.
தேக்கு போடலாமா என்றேன்.
"அயினி போதும்.
தேக்குன்னா பெஞ்சு ராத்திரியே நடந்து போயிரும்."

நான் சைக்கிள் மிதித்துப் பத்தொன்பது வருஷம்.
அலுவலகத்து பிரின்சியின் கியர் வண்டியை வாங்கிக்கொண்டு
ஒரு ஞாயிறு ஏறினேன்.
இரண்டாம் வளைவில் தொடை துடித்தது.
மூன்றாவதில் இறங்கித் தள்ளினேன்.
நான்காவதில்
வண்டியைச் சாய்த்துவைக்க ஒன்றும் இல்லை.
ஸ்டாண்டு இல்லாத வண்டி அது.
நிற்கவும் மாட்டேன் என்றது,
ஓடைச் சரிவில் படுக்கவிட எனக்கும் மனசில்லை.
இடுப்பில் அதைத் தாங்கியபடி
பாட்டிலைத் திறந்தேன்.
பாதித் தண்ணீர் கழுத்துக்குப் போயிற்று.

இரண்டாம் வரைபடத்தின் முதல் கோடு
வண்டிக்கு.
தரையிலிருந்து எண்பத்தைந்து சென்டிமீட்டரில்
குறுக்கே ஓர் உருளைத் தடி.
மனிதர் அதற்கு அப்புறம்.
இரு பக்கமும் இறங்கும் கூரை,
தண்ணீர் தெறிக்காத அளவுக்கு நீண்ட இறவாரம்.
பெஞ்சு அணையைப் பார்த்து.
நூற்றைந்து டிகிரியில் சாய்மானம்.
சாய்மானத்தில் மூன்று நாள் செலவழித்தேன்,
என் முதுகையே அளவெடுத்து.

கட்டி முடித்து ஒரு மாதம் கழித்துப் போனேன்.
காரை வளைவில் ஒதுக்கிவிட்டு
ஆள் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.
நாகர்கோவிலிலிருந்து ஐந்து பேர் வந்தார்கள்.
தடியில் வண்டிகள் ஐந்தும் சாய்ந்தன.
எனக்கு உள்ளுக்குள் ஒரு கைதட்டல்.

பிறகு ஐவரும்
இருக்கையில் ஷூவை ஊன்றி
சாய்மானத்தின் விளிம்பில் ஏறி உட்கார்ந்தார்கள்,
அணைக்கு முதுகு காட்டி,
வண்டிகளைப் பார்த்தபடி.
ஒருவன் மட்டிப்பழத்தை உரித்தான்.
நீர்ப்பரப்பு அவன் பிடரிக்குப் பின்னால்
அப்படி மின்னிக்கொண்டிருந்தது.

பொறுக்க முடியாமல் இறங்கிப் போய்க் கேட்டேன்.
"தண்ணி அங்கயேதான் கெடக்கும்க்கா.
வண்டி கெடக்காதுல்லா."

அவர்கள் போன பிறகு வந்தவர் ரோஸ்லின்பாய்.
ரப்பர் பால் வெட்டிவிட்டுத் திரும்புகிறவர்,
கேரியரில் கேன்.
கேனை அவிழ்த்து இருக்கையில் வைக்கக் குனிந்தார்,
பாதியில் நிமிர்ந்தார்,
மறுபடி கேரியரிலேயே கட்டினார்.
இறவாரத்தின் கீழ் நின்றே இளைப்பாறினார்.
உட்காருங்களேன் என்றேன்.
"உக்காந்தா பின்ன எழும்பமாட்டேன் மக்களே."

இருக்கை முழுக்கச் செம்மண் பாதங்கள்.
டேப்பை எடுத்து அவற்றையும் அளந்தேன்.

அடுத்தது களியல் பக்கம் வருகிறது.
மூன்றாம் வரைபடத்தில்
பெஞ்சுக்கு முதுகு கிடையாது.
எந்தப் பக்கம் வேண்டுமானாலும் காலைத் தொங்கப்போடலாம்.
படிவத்தில் 'முகப்புத் திசை' என்று ஒரு கட்டம்.
காலியாகவே விட்டேன்.

ததேயுவிடமிருந்து போன்:
"சாய்மானத்துக்குன்னு அறுத்த பலகை
மூணு கெடக்கே, என்ன செய்ய?"

பெஞ்சின் ஒரு முனையில்,
இடுப்பு உயரத்தில்,
ஒரு கேன் நிற்கிற அகலத்துக்கு என்றேன்.

"எந்தக் கேன்?"

பத்து லிட்டர் என்றேன்.
நிறைந்தது.