வலது காது

வால்திவியாவில் மழை பெய்கிறது என்பது செய்தியல்ல.
பெய்யாத நாளில்தான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம்.

மூன்றாம் மாடி, ஏழாம் படுக்கை.
கையைக் கழுவச் சொன்னார்கள், கழுவினேன்.
மோதிரத்தைக் கழற்றச் சொன்னார்கள்.
அது கழன்று ஒன்பது வருடம் ஆகிறது.

செவிலி யாஸ்னா ஒரு தாளை நீட்டினாள்.
வாயில் குழாய் இருப்பவருக்காக
வீட்டார் எழுதிக் கொடுக்கும் தாள்,
தலைமாட்டில் ஒட்டுவார்களாம்.
என்ன சொல்லிக் கூப்பிட்டால் பிடிக்கும்?
எந்தப் பக்கம் சாய்ந்து தூங்குவார்?
எதற்குப் பயப்படுவார்?
எல்லாவற்றுக்கும் மேலே, உறவு என்று ஓர் இடம்.
கடன்காரனைத் தெருவில் கண்டவள் போல
அதைத் தாண்டிப் போனேன்.

எலிசேயோ என்று கூப்பிடாதீர்கள்.
அது அப்பா பெல்ட்டை உருவும்போது கூப்பிட்ட பெயர்.
செயோ போதும்.
பயம்: வாத்துக்கள். சிரிக்காதீர்கள்.
தூக்கம்: இடப்பக்கம்,
நல்ல காதைத் தலையணையில் புதைத்துக்கொண்டு,
நான் அழுதால் கேட்காதபடிக்கு.

கடைசி வரியை அடித்துவிட்டுத்தான் கொடுத்தேன்.
அடித்ததற்கு அடியிலும் படித்துவிட்டாள் போல.
நல்ல காதா, என்றாள்.

பத்தொன்பது வயதில் மர ஆலையில் வேலை.
ரம்பம் தின்றது வலது காதை.
வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது,
அழகான காதுதான்.

யாஸ்னா இயந்திரத்தைப் பார்த்தாள்.
அது இடப்பக்கம் நின்று
அவனுக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.
இடமில்லாததால் எல்லோரும் வலப்பக்கம் நின்றே
மூன்று நாளாகக் கேட்டிருக்கிறார்கள்:
கண்ணைத் திற. கையை இறுக்கு.
பதிலில்லை, பதிலில்லை என்று
ஏடு முழுக்க எழுதியிருக்கிறார்கள்.

இயந்திரத்தை நகர்த்த முடியாது.
என்னை நகர்த்தினார்கள்.
சுவருக்கும் குழாய்களுக்கும் நடுவே
வயிற்றை எக்கிக்கொண்டு நுழைந்தேன்.
ஒன்பது வருடத்துக்குப் பிறகு
ஒரு காதுக்குள் என்ன சொல்வது?
செயோ, மழை பெய்கிறது, என்றேன்.

நெற்றி சுருங்கியது.
எனக்குத் தெரிந்த சுருக்கம் அது,
இதைச் சொல்லவா எழுப்பினாய் என்கிற சுருக்கம்.
பிறகு யாஸ்னா கண்ணைக் காட்ட,
கையை இறுக்கு, என்றேன்.
இறுக்கினான் என்று சொல்ல மாட்டேன்.
கட்டைவிரல் என் பக்கம் வந்து நின்றது.
டாக்டர் ஒலவாரியாவை ஓடிப்போய்க் கூட்டிவந்தாள்.

மதியம் இர்மா வந்தாள்,
மீன்பண்ணைப் படகில் மூன்று நாள் சிக்னல் இல்லாமல் இருந்தவள்,
ரப்பர் பூட்ஸும் ஈரக் குடையுமாக.
அவன் கூட இப்போது வாழ்பவள்.
வலப்பக்கம் போய்க் குனிந்தாள்.
அந்தக் காது இல்லை, என்றேன்.
எந்தக் காது, என்றாள்.

அவளிடம் சொல்லவேயில்லை அவன்.
நான்கு வருடமாகச் சாப்பாட்டு மேசையில்
அவள் உட்கார்ந்தது அந்தப் பக்கம்.
பிடிக்கவில்லை போலும் என்று
தானே முடிவு கட்டிக்கொண்டு
பாதிப் பேச்சை விழுங்கியிருக்கிறாள்.
நாற்காலியில் சரிந்து
அழுதாளா சிரித்தாளா,
முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது.

சுவரிடுக்கிலிருந்து வெளியே வந்தேன்.
குழாயில் கால் படாமல் பார், என்று
அவளுக்கு வழி காட்டினேன்.
என்னைவிட ஒல்லி, சுலபமாக நுழைந்தாள்.
என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை,
நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தாளை ஒட்டிவிட்டார்கள், உறவு காலியாகவே.
நாளைக் காலை சவரமாம்.
தாடிக்குள் ஒரு மச்சம் இருக்கிறது,
பிளேடு பட்டால் ரத்தம் நிற்காது,
எங்கே என்று காட்ட வேண்டும்.
பத்து மணிக்கு, இரண்டு பேரும் வாருங்கள், என்றாள் யாஸ்னா.

பஸ் நிறுத்தத்தில் ஒரு கிழவர்
மழை, என்றார் என்னிடம்.
ஆமாம், என்றேன்.