அணைக்கரைக்குக் கீழே

கும்பகோணத்தில் வாடகைக்கு எடுத்த லென்ஸ்.
நாளுக்கு அறுநூறு, அடமானம் ஆதார் அட்டை.
முழங்கையை விட நீளம்.
துண்டில் சுற்றி மடியில் கிடத்தி
பேருந்தில் வரும்போது
பக்கத்து இருக்கைக்காரர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:
"பிள்ளைக்கு எத்தனை மாசம்?"

வைகாசி முகூர்த்தங்கள் முடிந்திருந்தன.
இருபத்தாறு தாலிகட்டு, இரண்டு காதுகுத்து,
ஒரு சதாபிஷேகம்.
"தாடையை இறக்குங்க, கொஞ்சம் சிரிங்க" என்று
தொண்டை கட்டிப்போன எனக்கு
சொன்னால் கேட்காத ஒன்றைப்
படம் பிடிக்க வேண்டியிருந்தது.

மேட்டூர்த் தண்ணீர் இன்னும் வந்து சேரவில்லை.
பாலத்துக்குக் கீழே கொள்ளிடம்
அங்கங்கே குட்டை, நடுவில் ஒற்றை ஓடை.
கோரைக்குள் குப்புறப் படுத்தேன்.
எதிர்த் திட்டில் ஈர மணல்,
அதன்மேல் செதிலும் முள்ளுமாய் எச்சம்.
வந்து போயிருக்கின்றன.

"யாரப் புடிக்கப் படுத்திருக்க?"
வலையை உதறியபடி கலியன்.
நீர்நாய் என்றேன்.
"திருடனத்தான் போலீசு போட்டோ புடிக்கும்.
மூஞ்சி ஒண்ணு, சைடு ஒண்ணு.
புடி, புடி. ஸ்டேஷன்ல கொண்டு ஒட்டு."
விரித்துக் காட்டினார்.
என் தலை நுழையும் ஓட்டை;
அதற்குள் ஆறும் ஆறேழு மதகும் தெரிந்தன.
"எட்டாயிரம் ரூவா வலை.
விரால எடுத்துக்கிட்டு
கெளுத்தியத் துப்பிட்டுப் போயிருக்கு பாரு,
ருசி கேக்குது துரைக்கு."

முதல் நாள் காலை ஒரு மடையான்.
இரண்டாம் நாள் மணல் வண்டி மாடுகள்,
பிறகு வெயில்.

மூன்றாம் நாள்
தண்ணீர் தானே திரண்டு
ஒரு தலையாகி
என்னைப் பார்த்தது.
மீசை நுனியெல்லாம் சொட்டு.
தாய்தான். வாயில் மீன் இன்னும் துள்ளிக்கொண்டிருந்தது.
பின்னால் குட்டிகள்,
சறுக்கி, ஒன்றின்மேல் ஒன்று ஏறி,
பள்ளி விட்ட மாதிரிச் சத்தம்.
மண்டபத்தில் மூன்று முடிச்சுக்கும் நடுங்காத விரல்
அன்று நடுங்கியது.
ஒரே ஒரு படம்.
கேமரா நாணலை நம்பிவிட்டது:
நாணல் ஒவ்வொரு நரம்பும் கூர்மை,
நீர்நாய்க் குடும்பம் கலங்கல்.

பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள்.
கலியன், குந்தியபடி.
எப்போது வந்தாரோ.
"ரெண்டுதான் இருக்கு," என்றார்.
"புதன்கெழம குட்டி மூணு."

எழுந்து போனார்.
ஓடையோரம் கட்டியிருந்த வலை ஒவ்வொன்றையும்
அடிவரை கைவிட்டுத் துழாவினார்,
தன்னுடையது, அண்ணனுடையது,
பேச்சுவார்த்தை இல்லாத பங்காளியுடையதும்.
உச்சிக்குத் திரும்பியவர் பீடியை எடுத்துப்
பற்ற வைக்காமலே வைத்திருந்தார்.
"வலையில இல்ல."

திருப்பனந்தாள் ஸ்டுடியோவில் அன்றிரவு
படத்தைப் பெரிதாக்கினேன்.
நாணலுக்குப் பின்னால், ஓரத்தில்,
உருண்டையாய்க் கறுப்பு.
இன்னும் பெரிதாக்கினேன்.
கட்டம் கட்டமாய்ப் பிரிந்துபோனது.
தலையென்றால் தலை. கல்லென்றால் கல்.
மணப்பெண் ஆல்பத்துக்கு வைத்திருந்த
நல்ல தாளில் ஒரு பிரதி போட்டேன்.

மறுநாள் மாலை கலியன்
வேட்டியில் கை துடைத்து வாங்கினார்.
கையை நீட்டிப் பிடித்து,
பிறகு மூக்கருகே கொண்டு வந்து பார்த்தார்.
நகத்தால் தட்டினார்: "இது?"
"கல்லா இருக்கும்."

"தம்பி, அந்த மலையிலேருந்து
இங்க வந்து சேர்றதுக்குள்ள
கல்லெல்லாம் மணலாப் போயிரும்.
நாப்பது வருசமா காலால தடவுறேன்,
இந்த எடத்துல கல்லு கெடையாது."

லென்ஸை ஆறு மணிக்குள் திருப்பித் தர வேண்டும்,
தாமதித்தால் நூறு ரூபாய்.
ஆறரைக்கும்
கோரைக்குள் இரண்டு பேர் குப்புறப் படுத்திருந்தோம்.
ஓட்டை வலை கரையில் கிடந்தது.
வெளிச்சம் போதாது என்று எனக்குத் தெரியும்.
அவரிடம் சொல்லவில்லை.