ஆறு நொடி

சிம்மக்கல்லில் ஞாயிறு மதியம்,
என் ஜெராக்ஸ் கடைக்குப் பாதி ஷட்டர்.
கேரம் போர்டைக் கவிழ்த்துப் போட்டு
சாக்பீஸில் கட்டம் இழுத்திருந்தேன்.
யானைமலை மாதிரி ஒன்று,
அதன் துதிக்கை நுனியில் ஏழு பூதங்கள்:
ஏழு பன்னீர் சோடா மூடிகள்.

விதிகளை அச்சடித்தது வீணான நகல்களின் முதுகில்.
ஒரு பக்கம் வாள்வீச்சு, கேடயம், தீக்காயம்.
மறுபக்கம் எவரோ அண்ணன் தம்பியின்
பாகப்பிரிவினை, வடக்கே பொதுக்கிணறு.

துளசிராம் இருபது முகக் காயை உருட்டினான்.
பதினாலு.
பூதத்தின் கவசம் பதினைந்து.
"படல" என்றேன்.

அங்கே பிடித்தது.

நைனார் மாட்டுத்தாவணிச் சாலையோரம்
ஹெல்மெட் விற்கிறவன்.
"கவசம் போட்டா அடியே படாதா?
எட்டு வருஷமா விக்கிறேன்.
இதை மாட்டிக்கங்க, லாரி உங்க மேல மோதாதுன்னு
ஒருத்தர்கிட்டயாவது சொல்லியிருப்பேனா?
அடி படும்யா. மண்டை உடையாது.
உன் ரூல்ல ரெண்டும் ஒண்ணாக் கிடக்கு."

துளசிராம் சாயக்கடைக் கணக்கன்,
கூட்டும்போது மட்டும் சௌராஷ்டிரத்தில் எண்ணுவான்.
"படலன்னா படலன்னு அர்த்தமில்ல.
பட்டுச்சு, பலிக்கல.
பேரேட்டுல வராக்கடன் மாதிரி."
"அப்ப சத்தமாவது கேக்கணும்ல?"

நியாயம்தான்.
மூடியை விரலால் சுண்டி டங் என்று காட்டினேன்.
யாரும் சிரிக்கவில்லை.

அடுத்து நேரம்.
ஒரு சுற்றுக்கு ஆறு நொடி.
அதற்குள் நாங்களும் ஏழு பூதமும்
ஒருவர் முடித்தபின் ஒருவர்.
"கோரிப்பாளையம் சிக்னல்ல
ஆறு நொடி மிச்சம் இருக்கும்போது
முன்னாடி நிக்கிறவர் முடிக்கட்டும்னு
எவனாவது காலைத் தரையில வச்சிருக்கானா?"
இதுவும் துளசிராம்.
கட்சி மாறியதை அவனே கவனிக்கவில்லை.

ஆறு நொடிச் சண்டைக்கு
நாற்பது நிமிடமாக வழக்கு.
பருத்திப்பால் ஆடை கட்டியது.

ஜெபசீலி அதுவரை வாய் திறக்கவில்லை.
பெரியாஸ்பத்திரி விபத்துப் பிரிவு,
இரவுப் பணி முடித்து
மூன்று மணி நேரத் தூக்கத்தில் வந்திருந்தாள்.
அவளுடைய வில்லாளிக்கு
நாற்பது உயிர்ப்புள்ளியில் மூன்று பாக்கி.

"மூணுல இருக்கிறவ
நாப்பதுல இழுத்த மாதிரியே வில்லை இழுக்கிறா.
தப்புதான்.
நேத்து ஒருத்தர், தொடை எலும்பு ரெண்டாப் போச்சு,
ஒத்தைச் செருப்பைக் காணோம்னு
ஸ்ட்ரெச்சரை விட்டு இறங்கப் பாக்குறார்.
இன்னொருத்தர் மேல கீறல்கூட இல்ல.
வீட்டுக்கு போன் போட்டு
மாவு வாங்கிட்டு வரவான்னு கேட்டார்.
பதில் வர்றதுக்குள்ள.
இவங்களுக்கு எந்தக் கட்டத்துல
என்ன நம்பர் எழுதுவ?"

காயை எடுத்தாள். உருட்டவில்லை.

"ஆனா மாத்தாதீங்க.
இதுல அடி வாங்குனவளுக்கும்
அடுத்த முறை வருது."

ஷட்டருக்கு வெளியே ஒரு ஜோடிக் கால் வந்து நின்று
கடை லீவா என்று கேட்டுப் போனது.
நைனார் விற்காத ஹெல்மெட் மூட்டையைக்
காலால் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினான்.
"கவசத்தை மட்டுமாவது" என்று ஆரம்பித்த துளசிராம்
பருத்திப்பால் ஆடையை விரலால் எடுத்து
வாயில் போட்டுக்கொண்டான்.

பிறகு அவள் உருட்டினாள்.
காய் துதிக்கையைத் தாண்டி,
போர்டைத் தாண்டி,
ஜெராக்ஸ் மெஷினுக்கு அடியில் போய்விட்டது.

நாலு பேரும் குப்புறப் படுத்து
செல்போன் வெளிச்சத்தில் தேடினோம்.
தூசி, ஒரு ஸ்டேப்ளர் பின், எவருடையதோ பாஸ்போர்ட் போட்டோ.
டோனர் டப்பாவில் சாய்ந்து
சரிவாக நிற்கிறது காய்.
இருபதா, இரண்டா?

"இருபது" என்கிறான் நைனார்.
"சாஞ்சா செல்லாது" என்கிறான் துளசிராம்.
"தொடாதீங்க" என்கிறாள் அவள்.

ஆட்டத்தை நடத்துகிறவன் நான்.
தீர்ப்பு என்னுடையது.
கன்னம் தரையில் அழுந்த
இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.