எட்டாம் எண், அகலப் பாதம்

முதல் வருடம் அவர்கள் கேட்டது பள்ளிக்கூட ஷூ.
கறுப்பு. பெண்பிள்ளைகளுக்கு வார் வைத்தது.
பதினோராயிரம் ஜோடி.
கடிதத் தலைப்பில் கல்வி அமைச்சகம்,
புதிதாக வரைந்த சின்னம்:
ஒரு பறவை, அதன் கீழே ஏர்.
பேரணாம்பட்டில் யார் வாயிலும்
அந்த நாட்டின் பெயர் சரியாக நுழையவில்லை.
பறவை ஆர்டர் என்றோம்.

அடுத்த வருடம் பாதி ஷூ, பாதி பூட்ஸ்.
அதற்கடுத்து பூட்ஸ் மட்டும்.
நாற்பதாயிரம் ஜோடி,
எட்டாம் எண், அகலப் பாதம் அதிகம்.
கையெழுத்து வேறு அமைச்சகம்.
பள்ளி ஷூவுக்கு எட்டு மாதம் இழுத்தவர்கள்
இதற்கு முன்பணம் அனுப்பினார்கள்.

எதுக்கு இவ்வளவு என்றேன், பில் அடித்துக்கொண்டே.
தேவகிருபை நூலைப் பல்லால் கடித்தாள்.
"காவலுக்கு நாய் வாங்கினவன்
நாய்க்குப் பயந்து கறி வாங்குறான்."
அவள் தம்பி சிப்பாய்,
தபாலில் ஓட்டுப் போடுகிறவன்.
அவனைச் சொல்லலை என்று உடனே சேர்த்துக்கொண்டாள்.

அந்த வருடம் போனஸ் ஒன்றரை மடங்கு.
நான் குடியாத்தத்தில் பீரோ வாங்கினேன்,
தவணை இல்லாமல்.

லாரி வேலூர்க் கோட்டையைத் தாண்டித்தான் துறைமுகம் போகும்.
தோல் வைத்த தொப்பி வேண்டாமென்று
அங்கே விடியுமுன் சிப்பாய்கள் எழுந்தது பாடத்தில் இருந்தது.
அது கம்பெனிக்கு எதிராக.
தேர்வில் ஐந்து மதிப்பெண்.

ஏப்ரலில் எங்களுக்குத் தேர்தல்.
ஃபினிஷிங் அக்தர் பாஷாவின் சாயம் ஏறிய விரலைத்
திருப்பித் திருப்பிப் பார்த்து
ஏற்கெனவே போட்டாச்சா என்றாராம் அதிகாரி.

அதே வாரம் டிவியில் பறவை நாடு.
மழை. ஒரு வெள்ளைக் கட்டடத்தின் படிகளில்
துப்பாக்கியோடு ஏறுகிறார்கள்.
செய்தி வாசித்தவள் முகங்களைப் பற்றிச் சொன்னாள்.
கேன்டீனில் நாங்கள் கீழே பார்த்தோம்.
இரட்டைத் தையல், அங்குலத்துக்கு எட்டு.
எவ்வளவு நனைந்தாலும் ஈரம் உள்ளே இறங்காது.
சான்றிதழ் நான்தான் அனுப்பினேன்.
தேவகிருபை தட்டை மூடி வைத்துவிட்டு எழுந்து போனாள்.

ஜூனில் கடிதம் வந்தது. ஆர்டர் தொடரும்,
விலையில் கொஞ்சம் குறைக்க முடியுமா.
தலைப்பில் அமைச்சகம் இல்லை, கவுன்சில்.
பறவை இருந்தது.
ஏரைக் காணோம்.

கிடங்கில் சின்ன அளவு அச்சுக்கட்டைகள்
கோணிக்குள் கிடக்கின்றன.
முதலாளி சொன்ன பதிலை அடித்து முடித்தேன்.
கடைசி வரியாக, அவர் சொல்லாததை,
சிறுவர் அளவுகளும் கைவசம் உண்டு என்று சேர்த்தேன்.
படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.