குழாய்க்குள் குழாய்

ஐந்து ரோட்டில் ஏற்றிய பெட்டி
பதினான்காம் கொண்டை ஊசியில் ஒருமுறை புரண்டது.
மாதையன் அதைக் காலால் அணைத்துக்கொண்டான்,
அடுத்த ஆறு வளைவுக்கும் வாயைத் திறக்கவில்லை.
அடுப்பு நேற்றே மேலே போய்விட்டது.
இது அதன் மூக்கு.

நாலு அங்குலக் குழாய் ஒன்று
ஆறரை அங்குலக் குழாய்க்குள் நடுவாக நிற்கும்.
வெளிக்குழாய் காற்றை இழுக்கும், உள்குழாய் புகையை விடும்.
பேச்சு நின்றுபோன பங்காளிகள்
ஒரே வாசலில் போய்வருவதுபோல
ஒரே துளையில் இரண்டும்.
எனக்கு ஓட்டல் புகைபோக்கிதான் பழக்கம்.
இந்த ரகம் இது இரண்டாவது.
அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

நாகலூர் சாலையில் காப்பிச் செடிக்குள் முங்கிய வீடு.
கல் சுவர், ஒன்றே முக்கால் அடி கனம்.
கதவைத் திறந்தார் பெனிட்டா டீச்சர்:
குல்லாய், சால்வை, அதற்கு மேல் இன்னொரு சால்வை.
வெளியைவிட உள்ளே குளிர்.
ஜன்னல் அகலத் திறந்திருந்தது,
மூடுபனி கட்டில்வரை வந்து உட்கார்ந்திருந்தது.
"சாத்தலாங்களா?" என்றேன்.
"சாத்தறதில்ல" என்றார்.
"முட்டிதான் கேக்க மாட்டேங்குது. அதான் அடுப்பு."

முதல் துளை தப்பு.
பென்சிலில் வட்டம் போட்டு, டிரில்லை வைத்து
மூன்று அங்குலம் போனபிறகுதான்
கையேட்டில் இருந்த படம் ஞாபகம் வந்தது.
டேப்பைப் பிடித்துப் பார்த்தேன்.
குழாயின் வாய்க்கும் திறக்கிற ஜன்னலுக்கும்
இடைவெளி பற்றவில்லை.
மாதையன் என்னைப் பார்த்தான்.
நான் சுவரைப் பார்த்தேன்.
"ஏன் அங்க வேணாம்?" டீச்சர் கேட்டார்.
"விடற மூச்சு திரும்பி உள்ளயே வந்துடுங்க."
அந்தப் பென்சில் வட்டத்துக்குள்
அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு, பக்கத்து ஊர்ச் சங்கதியைச் சொல்வதுபோலச் சொன்னார்.
தம்பி அமலதாஸ். இதே அறை. ஒரு மார்கழி.
கரிச்சட்டியில் கங்கு வைத்து
ஜன்னல் இடுக்கிலெல்லாம் துணி அடைத்துப் படுத்தான்.
காலையில் முகம் நல்ல சிவப்பு.
அசந்து தூங்குகிறான் என்று
காப்பியை மூடி வைத்தாராம்.
இரண்டு தரம் சூடு பண்ணினாராம்.

எதிர்ச் சுவர், மிளகுக்கொடிப் பக்கம்.
மூன்று மணி நேரம்.
கருங்கல் பொறி பறக்க முரண்டு பிடித்தது,
அவர் இரண்டு சால்வையும் தூசியில் ஒரே நிறமாயின.
வெளிப்பக்கம் இரண்டு நூல் சரிவு,
மழை உள்ளே எட்டிப் பார்க்காமலிருக்க.
துளைக்கு உறை, உறைக்குள் குழாய்,
ஒவ்வொரு மூட்டும் திருகிப் பூட்டி, பசை தடவி,
வெளியே தொப்பி.

"இந்த அடுப்பு உங்க வீட்ல மூச்சு வாங்காதுங்க டீச்சர்.
வெளிய வாங்கி வெளியவே விட்டுடும்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அது,
இந்தப் பக்கம் நீங்க."
"அப்ப கடன் கிடையாது."
"கிடையாதுங்க."

பற்றவைத்தேன். நீலம்.
இருபது நிமிஷத்தில் மஞ்சளாகும் என்றதும்
நாற்காலியைச் சுவர்க் கடிகாரத்துக்கு நேராகப் போட்டுக்கொண்டார்,
பரீட்சை ஹாலில் உட்காருகிற அதே விறைப்பில்.
"அண்ணே, இங்க வாங்க" என்றான் மாதையன் வெளியிலிருந்து.
தொப்பிக்கு முன்னால் மூடுபனியில்
ஒரு சாப்பாட்டுத் தட்டளவு ஓட்டை.
அதில் மட்டும் மிளகின் இலை பச்சையாகத் தெரிந்தது.

தப்பின துளையைச் சிமெண்ட் பூசி அடைத்தேன்.
அதற்குக் கூலி எழுதவில்லை.
ஜன்னல் பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை.
இறங்கும்போது ஏழாம் வளைவில் காது அடைத்துத் திறந்தது.

இரவு பத்தரைக்குப் போன்.
"ஒரு கதவு சாத்திட்டேன்.
நீர் குடிச்சு ஊதிப்போன கட்டை, இடிச்சுத்தான் சாத்தணும்.
இன்னொண்ணு இருக்கட்டும்."
சரிங்க டீச்சர் என்றேன்
அம்மாப்பேட்டையில்,
சட்டையில்லாமல்,
மின்விசிறிக்கு நேர் கீழே படுத்தபடி.