ஏற்கனவே உள்ளவை

நேரு பிளேஸ், நான்காம் மாடி.
டிசம்பர் மூடுபனியில் ஜன்னலுக்கு வெளியே எதுவும் இல்லை.
என் திரையிலும் ஏறக்குறைய அப்படித்தான்:
ஓமந்தையிலிருந்து வடக்கே ஒரு கோடு,
கோட்டுக்குக் கீழே ஓர் அட்டவணை.

'ஏற்கனவே உள்ளவை' என்றொரு பத்தி.
தண்டவாளம்: இல்லை.
சிலிப்பர்கட்டை: இல்லை.
சரளைக்கல்: ஆங்காங்கே.
மாங்குளம் நிலையம்: கூரை இல்லை, சுவர் மூன்று.
அளவெடுக்கப் போன இனாமுல் ஹக், பூர்ணியாக்காரர்,
சொற்களில் சிக்கனம்.
வெள்ளை பூசிய கற்களுக்கு நடுவே மட்டும் நடந்தேன் என்று
மின்னஞ்சலில் ஒரே ஒரு வரி
கூடுதலாக எழுதியிருந்தார்.

அவ்வளவு இரும்பும் எங்கே போனது? பட்நாகர் கேட்டார்.
பதுங்குகுழிகளுக்குக் கூரையாக, என்றேன்.
யாருடைய குழிகளுக்கு?
பத்தியில் அதற்கு இடமில்லை, சார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐந்தில் முடித்த பாதை.
அகலம் ஐந்தடி ஆறங்குலம்.
நிஜாமுதீனில் என் கட்டிலை இரவெல்லாம்
நடுங்கவைக்கும் பாதைக்கும்
அதே ஐந்தடி ஆறங்குலம்தான்.
நடுவில் கடல் கிடப்பது
அளவுகோலுக்குத் தெரியாது.

வெட்ட வேண்டிய மரங்களுக்குத் தனித் தாள்.
பளையில், ரயில் நிற்க வேண்டிய இடத்திலேயே
நின்றுகொண்டிருக்கிறது
இருநூற்றுப் பதினோராம் எண் வேம்பு.
சுற்றளவு நூற்று நாற்பது சென்டிமீட்டர்.
கடைசி வண்டி போன பிறகு
ஏதோ காக்கை போட்ட விதை.
அத்தனை வருடங்களையும் இனாமுல்
ஒரு நாடாவால் சுற்றி அளந்துவிட்டார்.
சிவப்புப் புள்ளி வைத்தேன். வெட்டு.

பனிக்காலத்தில் நிஜாமுதீன் ஒலிபெருக்கி தூங்குவதில்லை.
ஒன்பது மணி நேரம் தாமதம், வருந்துகிறோம்.
பதினோரு மணி நேரம் தாமதம், வருந்துகிறோம்.
யாழ்ப்பாணம் போகும் வண்டி
இருபத்தொரு வருடம் தாமதம் என்று
போர்வைக்குள் நானே சொல்லிப் பார்த்தேன்.
அடுத்த சொல் வரவில்லை.

கீழ்த்தளத்தில் குர்பிரீத்தின் நகல் கடை.
இயந்திரத்தருகே எப்போதும் நிற்கிற மெலிந்த ஆளோடு
இரண்டு வருடமாக இந்தியில்தான் பேசியிருக்கிறேன்:
எத்தனை, எந்த அளவு, பில் வேணுமா.
அன்று நிலையப் பலகைகளின் தாளை விரித்தவர்
கண்ணாடிமேல் வைக்காமல் பிடித்துக்கொண்டே நின்றார்.
பிறகு தாளைப் பார்க்காமல் சொன்னார்:
கொடிகாமம், மீசாலை, சங்கத்தானை, சாவகச்சேரி.
மூச்சு விடாமல். வரிசை தப்பாமல்.

"அக்கா, எழுதுமட்டுவாளுக்குக் கடைசி எழுத்து பிழை.
ளகரம் போடுங்கோ."
பெயர் சிவஞானரூபன் என்றார்.
வசந்த் விஹாரில் ஓர் அலுவலகத்தில் அவருடைய கோப்பு
பதினைந்து வருடமாக உட்கார்ந்திருக்கிறதாம்.
இன்னொரு தாளில் விரலை வைத்தார்.
"இதிலை ஒரு கேற் இருந்தது. நீங்கள் போடேல்லை.
கேற்றடியிலை நிண்டா வெளிச்சம்தான் முதலிலை வரும்,
சத்தம் பிறகு."

ஆதாரம்? என்றார் பட்நாகர்.
ஜெராக்ஸ் கடை, என்றேன்.
சிரித்தார். ஆனாலும் இனாமுலுக்கு எழுதினார்.
நான்காம் நாள் பதில் வந்தது:
கேட் இல்லை. காவல் அறை இல்லை.
கம்பம் நட்ட குழி இரண்டு இருக்கிறது,
ஒன்றில் மழைத்தண்ணீர்.

பத்தியில் எழுதினேன்.
ஏற்கனவே உள்ளவை: குழி, இரண்டு.
தண்ணீரை விட்டுவிட்டேன்.

திருத்திய தாளுக்கு ஏழு நகல் கேட்டேன்.
சிவஞானரூபன் உருட்டி, ரப்பர் போட்டுத் தந்தார்.
இந்தியிலேயே விலை சொன்னார், கடையில் ஆள் இருந்தது.
மெட்ரோவில் உட்கார்ந்து பில்லைப் பிரித்தால்
எட்டு என்றிருக்கிறது.
மடியில் வைத்து எண்ணினேன், ஏழு.
மறுபடி எண்ணினேன்.

காலையில் கணக்குப் பிரிவு மல்ஹோத்ரா
பேனாவை நீட்டினார்.
எட்டா?
எட்டுதான், என்று கையெழுத்துப் போட்டேன்.